மின்னுகிற ரூபாயெல்லாம் ப்ரூஃப் அல்ல

கேள்வி: மாட்டுங்காவில் இருக்கிறேன். 1862 விக்டோரியா வெள்ளி ரூபாய் ஒன்றை ‘ப்ரூஃப்’ என்று சொல்லித் தரகர் ஒருவர் காட்டினார். கண்ணாடி மாதிரி மின்னுகிறது, அச்சிட்ட சான்றிதழும் இருக்கிறது. நாளைக்குள் முன்பணம் கேட்கிறார். வாங்கி, சிங்கப்பூரில் இருக்கும் மாமாவுக்கு அனுப்பலாமா?

பதில்: முன்பணம் கொடுக்காதீர்கள். அவசரப்படுத்துகிற தரகரிடம் பழங்காசு வாங்கவே கூடாது.

1862 என்ற ஆண்டைப் போட்டே 1874 வரை ரூபாய் அடித்தார்கள். புழக்கத்துக்கு வந்தவை கோடிக்கணக்கில். அதில் தேயாத ஒன்றை நகைப் பட்டறையில் மெருகேற்றும் பஃப் சக்கரத்தில் கொடுத்தால் நம் முகம் தெரியும். ப்ரூஃப் அப்படி வருவதல்ல. மெருகேற்றிய டையால் (காசின் உருவம் செதுக்கிய அச்சு), மெருகேற்றிய வெற்று வில்லையில் அழுத்தி அடித்தது.

பத்து மடங்கு லென்ஸில் ‘விக்டோரியா’வின் ஆங்கில ‘ஓ’ எழுத்துக்குள் பாருங்கள். அந்தச் சிறு வட்டத்துக்குள் பஃப் சக்கரம் நுழையாது. வெளியே பளபளத்து உள்ளே மங்கியிருந்தால் அது பாலிஷ். ப்ரூஃபில் உள்ளேயும் கண்ணாடிதான்; எழுத்தின் ஓரம் சுவர்போல நிமிர்ந்து நிற்கும், மழுங்கியிருக்காது. எடை 11.66 கிராம் இருக்க வேண்டும். எடை சரி என்பதற்காக ப்ரூஃப் ஆகிவிடாது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. நாணயசாலைகளே பழைய டைகளை எடுத்துச் சேகரிப்பாளர்களுக்காகப் பிற்காலத்தில் ப்ரூஃப் அடித்துக் கொடுத்தன. ரீஸ்ட்ரைக் என்பது இதுதான். போலி அல்ல, ஆனால் அசல் ப்ரூஃபின் விலைக்கு வாங்கக்கூடாது. அதே டை, அதே ஆண்டு. ஒரு புள்ளியாவது கூடுதலாகப் போட்டிருந்தால் இத்தனை பேர் ஏமாந்திருக்க மாட்டார்கள், அதைச் செய்யவில்லை! பழைய டை துருப்பிடித்திருந்தால், அதில் விழுந்த குழி காசில் மேடாக வரும். விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் எழுத்தும் உருவமும் இல்லாத வெற்றுப் பரப்பில் குருணை குருணையாகத் தெரியும். தெரிந்தால் ரீஸ்ட்ரைக் என்று சந்தேகப்படுங்கள். தெரியாவிட்டால் அசல் என்று முடிவு கட்டாதீர்கள். பில்லில் ‘அசல் ப்ரூஃப், ரீஸ்ட்ரைக் அல்ல’ என்று எழுதித் தரச் சொல்லுங்கள். மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

கடைக்காரரே அச்சடித்த சான்றிதழ் வெறும் காகிதம். காசைச் சோதித்துத் தரம் குறிக்கும் பிசிஜிஎஸ், என்ஜிசி நிறுவனங்களின் முத்திரைப் பெட்டியில் இருப்பதை வாங்குங்கள். பெட்டியும் போலியாக வருகிறது. பெட்டியில் உள்ள எண்ணை அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டு, படத்திலுள்ள கீறலும் கறையும் கையிலுள்ள காசோடு பொருந்துகிறதா பாருங்கள்.

சிங்கப்பூருக்கு அனுப்ப முடியாது. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டு கடந்த காசு தொல்பொருள். தனியார் ஏற்றுமதிக்குத் தடை. சந்தையில் கொட்டிக்கிடக்கும் தேய்ந்த ரூபாய்க்கும் அரிய ப்ரூஃபுக்கும் ஒரே விதி என்பது எரிச்சலூட்டுகிறது, ஆனாலும் சட்டம் அதுதான். ‘கூரியரில் போட்டுவிடலாம்’ என்று தரகர் சொல்வார். பிடிபட்டால் வழக்கு உங்கள் பெயரில்.

வாங்கினால் துணியால்கூடத் துடைக்காதீர்கள், விளிம்பில் மட்டும் பிடியுங்கள். மும்பை ஈரத்துக்குச் சிலிக்கா ஜெல் பை போடுங்கள். பிவிசி பிளாஸ்டிக் உறை வேண்டாம், பச்சைப் பிசுக்கு ஏறும்.