பீங்கான் தட்டில் உள்ள நீலப் படம் கையால் வரைந்ததா, அச்சா? எப்படிக் கண்டுபிடிப்பது?

விளிம்பைப் பாருங்கள். நடுவில் இருக்கும் பாலம், வில்லோ மரம், ஜோடிப் பறவை எல்லாம் அப்புறம்.

என்னிடம் அந்தப் பாலமும் மரமும் பறவையும் போட்ட ஒரு நீலத் தட்டு இருக்கிறது, வில்லோ தட்டு என்பார்கள். "கையால் வரைஞ்சது சார்" என்று சொல்லித்தான் ஒரு பழைய சாமான் கடையில் என் தலையில் கட்டினார்கள். வீட்டில் விளக்கடியில் வைத்துச் சுற்றிப் பார்த்தேன். விளிம்பில் ஓடும் கட்டப் பின்னல் ஓரிடத்தில் பாதிக் கட்டத்தோடு நிற்கிறது. அடுத்தது ஒரு நூல் தள்ளி ஆரம்பிக்கிறது. அதுதான் அச்சுக் காகிதத்தை ஒட்டிய இடம். ஆக, இது அச்சு.

செப்புத் தகட்டில் படத்தைச் செதுக்கி, சூடாக்கி, கோபால்ட் மையைத் தேய்த்து, மெல்லிய டிஷ்யூ காகிதத்தில் எடுப்பார்கள். நடுப்படம் தனி, விளிம்புப் பட்டை தனி என்று கத்தரித்து, கிளேஸ் (மேலே பளபளக்கும் கண்ணாடிப் பூச்சு) போடாமல் ஒருமுறை சுட்ட தட்டில் ஒட்டி, பிரஷ்ஷால் அழுத்தித் தேய்ப்பார்கள். தண்ணீரில் கழுவினால் காகிதம் போய்விடும், எண்ணெய் மை தங்கிவிடும். அதற்கு மேல்தான் கிளேஸ். சூளைச் சூட்டைத் தாங்கும் நிறம் என்பதால்தான் எங்கும் நீலம். இங்கிலாந்தின் ஸ்டோக்கில் ஜோசையா ஸ்போட் என்ற பீங்கான் தயாரிப்பாளர் இதை 1784 வாக்கில் செம்மைப்படுத்தினார். அதற்கு முன்பே, 1756இல், லிவர்பூலின் அச்சுக்காரர்கள் சாட்லரும் கிரீனும் ஆறு மணி நேரத்தில் 1,200க்கு மேல் ஓடுகளை அச்சடித்ததாகச் சத்தியப் பிரமாணம் செய்திருக்கிறார்கள். வில்லோ படத்துக்குச் சொல்லும் சீனக் காதல் கதையும் இங்கிலாந்தில் கட்டியதுதான்!

லென்ஸ் இருந்தால் நிழல் விழும் இடங்களைப் பாருங்கள். செப்புத் தகடு என்றால் நுண்ணிய கோடும் புள்ளியும் தெரியும். தூரிகை என்றால் நிறம் ஓரிடத்தில் தேங்கி, ஓரிடத்தில் வெளுத்திருக்கும். கோட்டை அச்சடித்து நிறத்தைக் கையால் நிரப்பியதும் உண்டு, அங்கே கொஞ்சம் குழம்பும்.

இப்போது கடைகளில் வருவது பெரும்பாலும் டீக்கால், அதாவது அச்சடித்த ஒட்டுப்படம். தண்ணீரில் ஊறவைத்து வழுக்கி ஒட்டி, கிட்டத்தட்ட 800 டிகிரியில் சுடுவது. கிளேஸுக்கு மேல் ஒட்டியதென்றால் படத்தின் ஓரம் நகத்தில் தட்டும். அப்படிப்பட்ட பழைய சிவப்பு, மஞ்சள் தட்டுகளில் புளிக்குழம்போ ஊறுகாயோ வைக்காதீர்கள். ஈயம், காட்மியம் போன்ற நச்சு உலோகங்கள் இருக்கலாம்.

அச்சு என்றதும் மட்டமாக நினைக்க வேண்டாம். அதே ஸ்டோக் பக்கம் பர்ஸ்லெமில் உள்ள மிடில்போர்ட் பட்டறையில் டிஷ்யூ ஒட்டும் வேலை இன்றும் கையால்தான் நடக்கிறது. நானும் தட்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அலமாரியில் அந்த ஒட்டு மேலே தெரியும்படிதான் நிறுத்தியிருக்கிறேன்.