ஏணைக்கயிற்றை யார் விடுவது?

அன்புள்ள அக்கா,

மகளுக்கு ஏழு மாதம். ஏணையில் ஆட்டினால்தான் நித்திரை. நித்திரையானதும் தூக்கிக் கட்டிலில் கிடத்துவோம், ஒரு மணித்தியாலம் போகாது, வீரிட்டுக்கொண்டு எழும்புவாள். இரவில் நாலைந்து தடவை. இவ்வளவு நாளும் அம்மா ஆட்டினார். அடுத்த மாதம் அவர் யாழ்ப்பாணம் திரும்புகிறார், நானும் வேலைக்குப் போக வேண்டும். அழவிட்டுப் பழக்கு என்கிறாள் வேலையிடத்துத் தோழி. "நீ என்ன கல்நெஞ்சக்காரியா" என்கிறார் தெகிவளைச் சின்னம்மா. தானாக நித்திரை கொள்ளப் பழக்கலாமா?

வாசகி, வெள்ளவத்தை

அன்புள்ள தங்கச்சிக்கு,

பழக்கலாம். ஆனால் அவள் இரவில் எழும்புவது பிழையே இல்லை. நாங்களும்தான் எழும்புகிறோம், தலையணையைத் திருப்பிப் போட்டுவிட்டு மறுபடி படுத்துவிடுவதால் காலையில் ஞாபகம் இருப்பதில்லை. இந்த வயதில் ஒரு நித்திரைச் சுற்று ஏறத்தாழ ஒரு மணித்தியாலம்தான், அது முடிகிற இடத்தில் பிள்ளை அரைக்கண் திறந்து பார்க்கும். பார்த்தால் ஏணையைக் காணோம், அம்மம்மாவைக் காணோம், ஆட்டமும் இல்லை. பிறகு வீரிடாமல் என்ன செய்யும்? உங்கள் பக்கத்துக் கடற்கரைக் கோச்சியும் காலி வீதி ஹோர்னும் அவளை எழுப்புவதில்லை, கவனித்திருப்பீர்கள். கண் மூடும்போதும் அவை இருந்தன, இப்போதும் இருக்கின்றன, அவ்வளவுதான்.

ஆகவே நடுச்சாமத்தில் மல்லுக்கட்டாதீர்கள். இரவு முதல் தடவை கண் செருகுகிற அந்தப் பத்து நிமிடத்தைப் பாருங்கள்.

மூத்தவன் பிறந்தபோது நாங்கள் கொட்டாஞ்சேனையில் வாடகை வீட்டில் இருந்தோம். வளையில் கட்டிய ஏணை, அதை இழுக்கிற கயிற்றின் நுனி என் கால் பெருவிரலில். அரைநித்திரையில் காலை ஆட்டிக்கொண்டே கிடப்பேன். நான் அயர்ந்தால் கால் நிற்கும், கால் நின்றால் கயிற்றின் கிறீச் சத்தம் நிற்கும், அது நின்ற கையோடு அவன் கண் திறக்கும். அவனைக் குறை சொல்லி என்ன, அந்தச் சத்தத்தோடுதானே நித்திரைக்குப் போனான். (உருளவும் எழும்பி இருக்கவும் தொடங்குகிற பிள்ளைக்கு ஏணை ஆபத்தும்கூட. விழலாம், கழுத்து மடிந்து மூச்சு அடைபடலாம். எனக்கு அப்போது ஒருவரும் சொல்லவில்லை.)

சரி, என்ன செய்வது? தட்டையான, கெட்டியான மெத்தை, மல்லாக்கக் கிடத்துங்கள், தலையணையும் பொம்மையும் வேண்டாம், நுளம்பு வலை மட்டும் இறுக்கமாக. பாலைக் கடைசியில் கொடுக்காமல் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளுங்கள், பால் குடித்தபடியே நித்திரையானால் ஏணைக்குப் பதில் நீங்கள் என்று ஆகிவிடும். அப்புறம் மங்கிய வெளிச்சம், ஒரு தாலாட்டு, கண் முழுக்க மூடுவதற்கு முன் கட்டில். நெஞ்சில் கை வைத்திருங்கள், பாடுங்கள், ஆனால் தூக்காதீர்கள். இரண்டு மூன்று நாளில் கையை எடுங்கள், பிறகு கதிரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கதவுப் பக்கம் நகர்த்துங்கள்.

ஏழு மணிக்கே கிடத்த வேண்டும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கொழும்பு வீடுகளில் அப்பா வந்து சேரவே எட்டு மணியாகிறது. அவள் வழக்கமாக ஒன்பதரைக்குத்தான் அயர்கிறாள் என்றால் ஒன்பதரைக்கே கிடத்துங்கள், நித்திரை அவளைத் தள்ளுகிற நேரத்தில் அழுகை குறைவு. சுலபமாகப் படுக்கத் தொடங்கியதும் கால் மணித்தியாலம் கால் மணித்தியாலமாக முன்னுக்குக் கொண்டுவாருங்கள்.

கல்நெஞ்சு விஷயம். ஆஸ்திரேலியாவில் அடிலெய்ட் ஆய்வாளர்கள் 6 முதல் 16 மாதம் வரையான 43 பிள்ளைகளை வைத்துப் பார்த்து 2016இல் எழுதினார்கள். ஒரு பகுதியினருக்கு அழவிட்டு, இடைவெளி விட்டுப் போய்ப் பார்த்துவருகிற முறை, இன்னொரு பகுதியினருக்கு நான் மேலே சொன்ன நேரம் தள்ளுகிற முறை. எச்சிலில் அளந்த மன அழுத்த ஹோர்மோன் கூடவில்லை, ஒரு வருடம் கழித்தும் தாயோடுள்ள ஒட்டுதலில் வித்தியாசம் தெரியவில்லை. சின்ன ஆய்வுதான், ஆனாலும் சின்னம்மாவுக்குச் சொல்ல அது போதும். என் சொந்த விருப்பம் நேரம் தள்ளுகிற முறை, அழுகையைக் கேட்டுக்கொண்டு கதவுக்கு வெளியே நிற்க என்னால் முடிந்ததில்லை.

காய்ச்சலிலும் தடுப்பூசி போட்ட நாளிலும் தொடங்காதீர்கள். இரவில் ஒரு தடவை உண்மையாகவே பசிக்கலாம், எடை சரியாகக் கூடுகிறதா என்று டொக்டரிடமோ மிட்வைஃபிடமோ கேட்டுவிட்டு அந்தப் பாலை விடுவதா வைப்பதா என்று முடிவெடுங்கள்.

அம்மா ஊருக்குப் போக முந்தியே தொடங்குங்கள், பகலில் அவர் துணை வேண்டும். ஆனால் முதல் மூன்று இரவும் அவரைத் தெகிவளைக்கு அனுப்பிவிடுங்கள். பிள்ளை சிணுங்கினால் உங்களுக்கு முந்தி எழும்பப்போவது அவர்தான்.