கிரீன் கார்டு வரும் முன் தங்கையின் கல்யாணத்துக்கு ஊருக்குப் போகலாமா?

கேள்வி: எஃப்-1 மாணவர் விசாவில் அமெரிக்கா வந்து, படிப்பு முடித்து, இப்போது ஓபிடி-யில் (படிப்பு முடித்த மாணவர்களுக்கான தற்காலிக வேலை அனுமதி) வேலை செய்கிறேன். என் கணவர் அமெரிக்கக் குடிமகன். இங்கேயே திருமணத்தைப் பதிவு செய்து, ஐ-130 (எனக்காகக் கணவர் கொடுக்கும் மனு), ஐ-485 (என் கிரீன் கார்டு விண்ணப்பம்) இரண்டையும் சேர்த்து அனுப்பி நான்கு மாதம் ஆகிறது. கைரேகை கொடுத்தாயிற்று. ஆவணியில் மதுரையில் என் தங்கைக்குக் கல்யாணம். பாஸ்போர்ட்டில் எஃப்-1 விசா இன்னும் ஒன்றரை வருடம் செல்லும். படிவங்களை நிரப்பித் தந்த கன்சல்டன்ட், "விசாதான் இருக்கிறதே, தாராளமாகப் போய் வாருங்கள். 350 டாலர் கொடுத்தால் ஏர்போர்ட்டில் காட்ட ஒரு டிராவல் லெட்டரும் தருகிறேன்" என்கிறார். கணவருடைய நண்பரின் மனைவியும் கிரீன் கார்டு வருவதற்கு முன்பே ஊருக்குப் போய்த் திரும்பினார். நான் போகலாமா?

பதில்: இப்போதைக்குப் போகாதீர்கள். வெளிநாடு போய்த் திரும்பி வருவதற்கான அட்வான்ஸ் பரோல் என்ற அனுமதி உங்கள் கைக்கு வந்த பிறகுதான் விமானம் ஏறலாம். அது இல்லாமல் கிளம்பினால், நீங்கள் ஐ-485 விண்ணப்பத்தைக் கைவிட்டுவிட்டீர்கள் என்றே அரசு எடுத்துக்கொள்ளும். ஏன் போனீர்கள், எத்தனை நாளில் திரும்பினீர்கள் என்றெல்லாம் யாரும் கேட்கப்போவதில்லை. நான்கே நாளில் திரும்பி வந்தாலும் அதே கதிதான்.

விசா செல்லுபடியாகிறதே என்று கேட்பீர்கள். அந்த எஃப்-1 விசா, படிக்க வருகிறேன், முடித்ததும் ஊர் திரும்புவேன் என்று நீங்கள் சொன்னதன்பேரில் கொடுக்கப்பட்டது. ஐ-485 கொடுத்த அன்றே, இங்கேயே குடியிருக்கப் போகிறேன் என்று எழுத்தில் கொடுத்துவிட்டீர்கள். இரண்டும் அரசின் கணினிப் பதிவில் இருக்கின்றன. விமான நிலையத்தில் அதிகாரி உங்கள் பாஸ்போர்ட்டை ஸ்கேன் செய்யும்போது அது தெரிய வரலாம். அவர் அந்த விசாவை ரத்து செய்து உங்களை அடுத்த விமானத்தில் திருப்பி அனுப்பலாம். ஏதோ அசட்டையில் உள்ளே விட்டுவிட்டாலும் நிம்மதி இல்லை. உங்கள் ஐ-485 அதற்குள் செத்திருக்கும்; நேர்காணலில் பாஸ்போர்ட் முத்திரைகளைப் புரட்டும்போது அது வெளியே வரும்.

உங்கள் கடிதத்தில் ஒரு விஷயம் எனக்கு உறுத்துகிறது. ஐ-130, ஐ-485 என்று எழுதியிருக்கிறீர்கள். ஐ-131 பற்றிப் பேச்சே இல்லை. அட்வான்ஸ் பரோலுக்கான படிவம் அதுதான். முன்பெல்லாம் ஐ-485 கட்டணத்துக்குள்ளேயே அதுவும் அடங்கியிருந்தது, எல்லோரும் சேர்த்தே அனுப்பினார்கள். 2024 ஏப்ரல் 1 முதல் ஐ-485-க்கு 1,440 டாலர், ஐ-131-க்குத் தனியாக 630 டாலர் என்று ஆக்கிவிட்டார்கள். அப்போதிலிருந்து படிவம் நிரப்பித் தரும் ஆட்கள் மொத்தச் செலவைக் குறைத்துக் காட்ட முதலில் கழற்றிவிடுவது இதைத்தான். "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்பார்கள். அந்தப் "பிறகு" ஒரு கல்யாணப் பத்திரிகையோடு வந்து நிற்கும். உங்கள் கோப்பின் நகலை எடுத்துப் பாருங்கள். ஐ-131 போகவில்லை என்றால், ஐ-485 ரசீதின் நகலை வைத்து இந்த வாரமே அனுப்புங்கள்.

அனுப்பியாயிற்று என்றாலும் பொறுங்கள். விண்ணப்பித்துவிட்டுக் கிளம்பலாம், கார்டு வந்ததும் கூரியரில் அனுப்பி வைக்கிறேன் என்று ஒரு யோசனையை இந்த ஆட்கள் அவிழ்த்துவிடுவார்கள். நம்பாதீர்கள். அனுமதி கிடைக்கும் அன்று நீங்கள் அமெரிக்க மண்ணில் இருக்க வேண்டும். நடுவில் கிளம்பிவிட்டால் ஐ-131 தள்ளுபடியாகும், ஐ-485-ம் போகும்.

அப்புறம், எந்தக் காகிதம் எது என்ற குழப்பம். இதில்தான் நிறையப் பேர் விழுகிறார்கள். ஐ-797சி என்று தபாலில் வருவது ரசீது மட்டுமே. அதன் தலையிலேயே, இந்த அறிவிப்பு எந்தக் குடியேற்றத் தகுதியோ பயனோ தராது என்று பெரிய எழுத்தில் ஆங்கிலத்தில் அடித்திருப்பார்கள். ஆனாலும் அதைப் பையில் வைத்துக்கொண்டு ஏர்போர்ட்டுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அடுத்தது இஏடி என்கிற வேலை அனுமதி கார்டு. அதில் உங்கள் போட்டோ இருக்கும், பார்க்க கிரீன் கார்டுக்குத் தம்பி மாதிரி இருக்கும். கீழே உள்ள சின்ன வரியைப் படியுங்கள். "சர்வ்ஸ் ஆஸ் ஐ-512 அட்வான்ஸ் பரோல்" என்று இருந்தால் அந்த ஒரே கார்டில் வேலைக்கும் பயணத்துக்கும் அனுமதி உண்டு. "நாட் வேலிட் ஃபார் ரீஎன்ட்ரி டு யு.எஸ்." என்று இருந்தால் அது வேலைக்கு மட்டும். இப்போது இரண்டையும் பெரும்பாலும் தனித்தனியாகத்தான் தருகிறார்கள். கார்டு முதலில் வரும், பரோல் தனிக் காகிதமாகப் பிறகு வரும். கார்டு வந்ததும் டிக்கெட் எடுத்துவிடாதீர்கள் என்பதற்காகத்தான் இவ்வளவு விளக்கம்.

சரி, அந்த 350 டாலர் டிராவல் லெட்டர். அப்படி ஒன்று சட்டத்தில் கிடையாது. எஃப்-1 மாணவர்கள் ஊருக்குப் போகும்போது கல்லூரியில் ஐ-20 என்ற மாணவர் சேர்க்கைப் படிவத்தில் ஒரு கையெழுத்து வாங்குவார்கள். அதைப் பார்த்துவிட்டு இவர் சொந்தமாக ஒரு சரக்கு உருவாக்கியிருக்கிறார். கன்சல்டன்சியின் லெட்டர்ஹெட்டில் "இவர் திரும்பி வருவார்" என்று எழுதிக் கொடுத்தால் எந்த அதிகாரி மதிப்பார்?

இந்த நாட்டில் குடியேற்றச் சட்ட ஆலோசனை சொல்ல வழக்கறிஞராக இருக்க வேண்டும், அல்லது அமெரிக்க அரசின் டிபார்ட்மென்ட் ஆஃப் ஜஸ்டிஸ் அங்கீகாரம் பெற்ற பிரதிநிதியாக இருக்க வேண்டும். நோட்டரி போர்டு மாட்டியவர், டிராவல் ஏஜென்ட், வரிக் கணக்கு போடுகிறவர் யாருக்கும் அந்த உரிமை இல்லை. ஐ-485 படிவத்தின் கடைசிப் பக்கங்களில், விண்ணப்பதாரர் அல்லாத வேறு ஒருவர் நிரப்பியிருந்தால் அவர் பெயரும் கையெழுத்தும் போட ஓர் இடம் உண்டு. உங்கள் நகலில் அந்த இடத்தைப் பாருங்கள். காலியாக இருந்தால், காசு வாங்கியவர் பொறுப்பு ஏற்கவில்லை என்று அர்த்தம். நாளை ஏதாவது தப்பு என்றால் அந்தக் கையெழுத்து உங்களுடையது மட்டும்தான்.

இப்போது நண்பரின் மனைவி கதைக்கு வருவோம். அவர் பொய் சொல்லவில்லை. அவர் கணவர் அநேகமாக எச்-1பி என்ற வேலை விசாவில் இருப்பவர், கம்பெனி வழியாகக் கிரீன் கார்டுக்குக் காத்திருப்பவர், மனைவி அவரைச் சார்ந்து வருவோருக்கான எச்-4. எச்-1பி, எச்-4, எல் (கம்பெனி மாற்றலில் வருவோருக்கானது) விசாக்காரர்களுக்குச் சட்டம் ஒரு தனி வாசல் வைத்திருக்கிறது. தற்காலிகமாக வேலை செய்துகொண்டே நிரந்தரமாகத் தங்கவும் ஆசைப்படலாம் என்று அந்த விசாக்களுக்கு அனுமதி உண்டு. ஆகவே அவர்கள் அட்வான்ஸ் பரோல் இல்லாமல் போய்த் திரும்பினாலும் ஐ-485 உயிரோடு இருக்கும்.

இந்த விலக்கைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், ஏனென்றால் பாதிதான் எல்லோருக்கும் தெரியும். எச்-1பி-காரர் திரும்பும்போது அந்தத் தகுதியைக் காத்துக்கொண்டிருக்க வேண்டும், அதே கம்பெனி வேலைக்கே திரும்ப வேண்டும், பாஸ்போர்ட்டில் செல்லுபடியாகும் எச் விசா ஸ்டாம்ப் இருக்க வேண்டும். எச்-4 என்றால் கணவரின் எச்-1பி நிலைத்திருக்க வேண்டும். விசா ஸ்டாம்ப் நிபந்தனையில்தான் ஆட்கள் மாட்டுகிறார்கள். ஒருவர் எஃப்-1-இல் வந்து, இங்கே இருந்தபடியே அக்டோபரில் எச்-1பி-க்கு மாறியிருப்பார். கையில் எச்-1பி-க்கு ஒப்புதல் தந்த ஐ-797 கடிதம் இருக்கும், பாஸ்போர்ட்டில் இருப்பதோ பழைய எஃப்-1 ஸ்டாம்ப். இங்கே இருக்கும்வரை அது பிரச்சினை இல்லை. ஊருக்குப் போனால், சென்னைத் துணைத் தூதரகத்தில் எச்-1பி ஸ்டாம்பிங் முடிக்காமல் திரும்ப முடியாது. முன்பு நேர்காணல் இல்லாமலே டிராப்பாக்ஸில் பாஸ்போர்ட்டைப் போட்டு வாங்கினார்கள். 2025 செப்டம்பரிலிருந்து எச்-1பி-காரர்களுக்கு அந்த வசதியும் இல்லை, நேர்காணலுக்கு நேரில் போக வேண்டும். அதற்குத் தேதி கிடைக்க வேண்டும். கிடைத்தாலும், கூடுதல் ஆய்வு என்று 221(ஜி) காகிதத்தை நீட்டினால் மாதக் கணக்கில் ஊரிலேயே உட்கார வேண்டியதுதான். ஐ-485 சாகாது. ஆனால் இங்கே வேலையும் வாடகையும் காத்திருக்குமா?

அதனால் எச்-1பி-காரர்களுக்கும் நான் சொல்வது, அட்வான்ஸ் பரோலையும் வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான். உங்களுக்கு இந்தப் பேச்சே தேவையில்லை. நீங்கள் எஃப்-1. அந்த வாசல் உங்களுக்குத் திறக்காது.

ஆவணிக்குள் பரோல் வருமா? இங்கேதான் எனக்குப் பொறுமை போகிறது. வேலை விசா மனுவுக்குக் கூடுதல் பணம் கட்டினால் பதினைந்து வேலை நாளில் பதில் தருவார்கள். பெற்ற தாய்க்கு ஆபரேஷன் என்று பயண அனுமதி கேட்பவருக்கு அந்த வழி கிடையாது. இணையதளத்தில் மாதக் கணக்கில் "கேஸ் வாஸ் ரிசீவ்ட்" என்ற ஒரே வரிதான். ஊரில் ஜோசியர் ஐ-131 நிலவரம் பார்த்தா முகூர்த்தம் குறிக்கிறார்?

இருந்தாலும் ஒரு வழி உண்டு: விரைவுபடுத்தும் கோரிக்கை. மரணம், தீவிர சிகிச்சை போன்றவற்றுக்கு உள்ளூர் அலுவலகத்தில் நேரில் போய் அவசரப் பரோலும் கேட்கலாம். கல்யாணம் அந்தக் கணக்கில் சேராது. ஆனால் முன்கூட்டியே தெரிந்த நிகழ்ச்சிக்காக நேரத்தோடு விண்ணப்பித்தும் தாமதம் அவர்கள் பக்கம் என்று காட்டினால், விரைவுபடுத்தச் சொல்லிக் கேட்க இடமிருக்கிறது. ஐ-131 இப்போதே போக வேண்டும் என்று நான் அவசரப்படுத்துவது அதனால்தான். கல்யாணப் பத்திரிகை, மண்டபம் பேசிய ரசீது, தங்கைக்கும் உங்களுக்கும் பெற்றோர் ஒருவரே என்று காட்டும் பிறப்புச் சான்றிதழ்கள் எல்லாம் வையுங்கள். பத்திரிகை தமிழில் இருந்தால் முழுவதையும் ஆங்கிலத்தில் பெயர்க்க வேண்டும், "நிகழும் மங்களகரமான" முதல் சுற்றமும் நட்பும் வரை. மொழிபெயர்த்தவர், எனக்கு இரு மொழியும் தெரியும், பெயர்ப்பு சரியானது என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். சுருக்கி எழுதி அனுப்பினால் திருப்பி விடுவார்கள்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். "அம்மாவுக்கு ஹார்ட் அட்டாக் என்று மதுரையில் ஒரு சர்டிபிகேட் ஏற்பாடு செய்கிறேன், அவசரப் பரோல் வாங்கிவிடலாம்" என்று யாராவது சொன்னால், அந்த நபரோடு பேச்சையே நிறுத்துங்கள். பொய் ஆவணம் கொடுத்தது தெரிந்தால் உங்களை வாழ்நாள் முழுக்க இந்த நாட்டுக்குள் விடாமல் தடுக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. அதிலிருந்து மீள்வது தனிப் போராட்டம்.

பரோல் வந்துவிட்டால் போகலாம். அப்போதும் சிலவற்றைக் கவனியுங்கள். பரோலில் திரும்பினால் எஃப்-1 தகுதி போய்விடும், ஓபிடி-யை நம்பி வேலை செய்ய முடியாது. ஆகவே ஐ-485-இன் பேரில் கிடைக்கும், சி09 என்று குறித்த இஏடி கார்டு கையில் வந்த பிறகு போவது நல்லது. விமான நிலையத்தில் உங்களைத் தனி அறைக்கு அனுப்பிச் சரிபார்ப்பார்கள். அது வழக்கம்தான், பயப்பட வேண்டாம். ஆனால் அடுத்த விமானத்துக்கு ஒன்றரை மணி நேரம் மட்டும் விட்டு டிக்கெட் எடுக்காதீர்கள். இதற்கு முன்பு விசா நிபந்தனையை மீறித் தங்கியதோ, கைதானதோ, ஏதாவது சிக்கலோ இருந்தால் பரோல் இருந்தாலும் வழக்கறிஞரிடம் கோப்பைக் காட்டாமல் கிளம்பாதீர்கள்.

பெயர் விஷயம் நம் ஆட்களுக்கு எப்போதும் தொல்லை. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர், விசாவில் முன்னால் எஃப்என்யூ (முதல் பெயர் தெரியாது என்பதன் ஆங்கிலச் சுருக்கம்), ஐ-485-இல் கணவர் பெயரைச் சேர்த்த புதுப் பெயர் என்று மூன்று அவதாரம் இருக்கும். டிக்கெட்டைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எடுங்கள். பரோலில் வேறு பெயர் இருந்தால் திருமணச் சான்றிதழின் அசலைக் கைப்பையில் வையுங்கள், பெட்டியில் அல்ல. சென்னையில் செக்-இன் கவுண்டரில் நிற்பவர் அதைத்தான் முதலில் கேட்பார்.

தெரியாத்தனமாக ஏற்கெனவே கிளம்பிப் போனவர்களுக்கு: ஐ-485 போனாலும் ஐ-130 போகாது. கணவர் மனு உயிரோடுதான் இருக்கும். அதை வைத்து மும்பைத் துணைத் தூதரகம் வழியாகக் குடியேற்ற விசா வாங்கலாம். கட்டிய 1,440 டாலர் போனது போனதுதான், மாதங்களும் கூடவே போகும்.

ஆவணிக்குள் பரோல் வராவிட்டால் கணவரை மட்டும் அனுப்புங்கள். அவர் அமெரிக்கப் பாஸ்போர்ட்காரர், போக வர அவருக்குத் தடையில்லை. ஓசிஐ (வெளிநாட்டு இந்தியக் குடிமகன் அட்டை) இல்லையென்றால் இந்திய விசா எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நேர்காணல் தேதி மட்டும் வந்திருக்கக் கூடாது, அதற்கு இருவரும் போக வேண்டும். தினமும் தபால் பெட்டியைப் பாருங்கள்; அவர் டிக்கெட்டையும் ரத்து செய்யக்கூடிய வகையாகவே எடுங்கள்.