புகைபோக்கியும் நுண்துளைத் தூளும்

கேள்வி: 2025ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசுக்குரிய உலோக-கரிமக் கட்டமைப்புகளில் (உலோக அயனிகளைக் கரிம மூலக்கூறுகளால் இணைத்த, நுண்துளைகள் நிறைந்த பொருள்கள்; சுருக்கமாக எம்ஓஎஃப்), சில கிராம் தூளுக்குள் ஒரு கால்பந்து மைதானத்தின் பரப்பு அடங்கியிருக்கிறதாம். அதை ஆலைப் புகைபோக்கியில் வைத்துக் கரியமில வாயுவை எளிதில் பிடித்துவிடலாமே, ஏன் செய்வதில்லை?

பதில்: அந்த மைதானக் கணக்குதான் பலரையும் திசைதிருப்பிவிடுகிறது. எம்ஓஎஃப்-177 என்ற இவ்வகைப் பொருள், ஏறத்தாழ 35 வளிமண்டல அழுத்தத்தில் தன் எடையைப்போல் ஒன்றரை மடங்கு கரியமில வாயுவைக் கொள்ளும். ஆனால் புகைபோக்கியில் இருப்பதோ சாதாரண வளிமண்டல அழுத்தம். நிலக்கரிப் புகையிலும் இவ்வாயு 12 முதல் 15 விழுக்காடுதான். அங்கே பரப்பு எவ்வளவு என்பதைவிட, துளையின் சுவர் மூலக்கூற்றை எவ்வளவு இறுகப் பற்றுகிறது என்பதே முக்கியம்.

பிடியை இறுக்க ஒரு வழி, உலோக அயனியின் ஒரு பக்கத்தைத் திறந்து விடுவது. மக்னீசியம் கொண்ட எம்ஓஎஃப்-74இல், அந்தத் திறந்த இடத்தில் கரியமில வாயுவின் ஆக்சிஜன் முனை ஒட்டிக்கொள்கிறது. ஆனால் புகையில் நீராவியும் உண்டு. அது இன்னும் வலுவாக ஒட்டி, வந்த விருந்தாளியை வெளியே தள்ளிவிடும். உலர்ந்த வாயுவில் மட்டும் அளந்த சாதனை எண்களை நான் ஐயத்துடனேயே படிப்பது இதனால்தான்.

அமெரிக்காவின் பெர்க்லியில் ஜெஃப்ரி லாங் குழுவினர் அத்தகைய திறந்த இடங்களிலேயே டையமீன் மூலக்கூறுகளை (நைட்ரஜன் கொண்ட அமீன் தொகுதிகள் இரண்டு உள்ளவை) பொருத்தினர். கரியமில வாயு உலோகத்துக்கும் அமீனின் நைட்ரஜனுக்கும் நடுவே நுழைந்துகொள்ள, அடுத்தடுத்த இடங்களும் சங்கிலிபோல் அதைத் தொடர்கின்றன. ஆகவே குறிப்பிட்ட அழுத்தம் வரை ஏறக்குறைய ஒன்றும் ஏறாமலிருந்து, பிறகு திடீரென நிரம்புகிறது. ஓரளவு சூடாக்கினாலே பெரும்பகுதி வெளியேறியும் விடுகிறது.

கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஷிமிசு குழுவினர் உருவாக்கிய கால்ஃப்-20 என்ற எம்ஓஎஃப் வேறு வகை. துத்தநாகம், டிரையசோல், ஆக்சாலேட் ஆகிய எளிய பொருள்களால் ஆன அதன் பரப்பு, கிராமுக்குச் சுமார் 500 சதுர மீட்டர்தான். ஆயினும் ஈரப்பதம் 40 விழுக்காட்டை எட்டும் வரை நீரைவிடக் கரியமில வாயுவையே அது விரும்பிப் பிடிக்கிறது. நீராவியைப் பாய்ச்சி வாயுவை வெளியேற்றினாலும் கட்டமைப்பு சிதைவதில்லை. தங்கள் கேள்விக்கு நேரான விடையும் இதில் இருக்கிறது: கனடாவின் ரிச்மண்ட் நகரச் சிமென்ட் ஆலையில், உண்மையான புகையிலேயே இதைச் சோதித்திருக்கிறார்கள்.

திறந்தவெளிக் காற்றிலிருந்து பிடிப்பது இன்னும் கடினம். அங்கே இவ்வாயு 0.04 விழுக்காடுதான், கால்ஃப்-20இன் மென்மையான பிடி அதற்குப் போதாது, அமீன்களையே நாட வேண்டும்.