கேட்டவை, சொன்னவை: ராடாரைத் தேடிப் போகும் ஏவுகணை

கேள்வி (உயர்தர பௌதிகவியல் மாணவி, உப்புவெளி): ராடார் அலையைப் பிடித்துக்கொண்டு போய்த் தாக்கும் ஏவுகணைகளின் ரொக்கெட் கொஞ்ச நேரத்திலேயே எரிந்து முடிந்துவிடுமாம். அப்படியென்றால் மீதித் தூரம் எப்படிப் போகிறது?

பதில்: ரொக்கெட் தொடக்கத்திலேயே வேகத்தையும் உயரத்தையும் கொடுத்துவிடுகிறது. மீதித் தூரத்தை ஏவுகணை அந்தக் கையிருப்பை வைத்துத்தான் ஓட்டுகிறது.

உங்கள் பாடத்தை வைத்தே கணக்குப் போடலாம். மொத்தத் திணிவில் மூன்றில் ஒரு பங்கு எரிபொருள் என்று வையுங்கள். வாயு வெளியேறும் வேகம் செக்கனுக்கு 2,350 மீற்றர். தொடக்கத் திணிவை எரிந்த பிறகு மிஞ்சும் திணிவால் வகுத்தால் 1.5; அதன் இயற்கை மடக்கை 0.405. பெருக்கினால் செக்கனுக்கு 950 மீற்றர் அளவில் வேகம் கூடும். ஏவும் விமானத்தின் வேகமும் இதோடு சேரும். ஆனால் இது வளித்தடையையும் ஈர்ப்பையும் விட்டுவிட்ட கணக்கு.

வளித்தடை எவ்வளவு தின்னும் என்பதை உயரம்தான் தீர்மானிக்கிறது. கடல் மட்டத்தில் ஒரு கனமீற்றர் வளி ஏறக்குறைய 1.2 கிலோகிராம், 12 கிலோமீற்றர் உயரத்தில் 0.31 கிலோகிராம். அதே வேகத்தில் போனாலும் அங்கே தடை நான்கில் ஒரு பங்குதான். அதனால் தூர இலக்கென்றால் ஏவுகணை முதலில் ஏறும், மெல்லிய வளியில் நெடுந்தூரம் போகும், கடைசியில் செங்குத்தாகச் சாய்ந்து இறங்கும். தாழப் பறக்கும் விமானத்திலிருந்து விட்டால் எரிபொருளில் பெரும்பகுதி அடர்ந்த வளியிலும் ஏறுவதிலுமே கரைந்துபோகும். எரிந்து முடிந்த பிறகு எடுக்கும் ஒவ்வொரு திருப்பமும் வேகத்தைக் குறைக்கும். இழந்ததைத் திருப்பித் தர எதுவும் இல்லை. 'வீச்சு இத்தனை கிலோமீற்றர்' என்று ஒற்றை எண்ணைக் கண்டால், எந்த உயரத்தில், எந்த வேகத்தில் விட்டபோது என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத எண்ணை வைத்து இரண்டு ஏவுகணைகளை ஒப்பிட முடியாது.

கேள்வி (தொழில்நுட்ப ஆசிரியர், தம்பலகாமம்): திண்ம எரிபொருளைக் கூட்டிக் குறைக்க முடியாதே. முதலில் பலமாகவும் பிறகு மெதுவாகவும் தள்ளும் 'இரட்டை உதைப்பு' மோட்டார் எப்படிச் சாத்தியம்?

பதில்: திண்ம மோட்டாரில் உதைப்பு, அந்தக் கணத்தில் எரிந்துகொண்டிருக்கும் மேற்பரப்பைப் பின்பற்றுகிறது. ஆகவே எரிபொருள் உருளையை வார்க்கும்போதே உதைப்பின் வரைபடமும் எழுதப்பட்டுவிடுகிறது. நடுவில் வட்டத் துளை இருந்தால் எரிய எரியப் பரப்பு பெருகி உதைப்பு ஏறும். நட்சத்திர வடிவத் துளையால் அதை ஏறாமல் வைத்திருக்கலாம். முனையிலிருந்து மட்டும் எரிந்தால் உதைப்பு குறைவு, நேரம் நீளம். முதலில் பெரிய பரப்பும் பிறகு சிறிய பரப்பும் எரியும்படி அமைத்தாலோ, விரைவாக எரியும் கலவையையும் மெதுவாக எரியும் கலவையையும் ஒரே அறையில் வைத்தாலோ, உந்தித் தள்ளும் கட்டமும் வேகத்தைத் தாங்கும் கட்டமும் கிடைக்கும். அமெரிக்காவின் ராடார் எதிர்ப்பு ஏவுகணையான ஏஜிஎம்-88 ஹார்ம் இவ்வகையைச் சேர்ந்தது: 4.17 மீற்றர் நீளம், 25 சென்ரிமீற்றர் விட்டம், 360 கிலோகிராம் அளவு எடை.

இதில் ஒரு விட்டுக்கொடுப்பு உண்டு. வாயு வெளியேறும் வாயான நொசிலின் கழுத்து இரண்டு கட்டத்துக்கும் ஒன்றுதான். இரண்டாம் கட்டத்தில் அறையின் அமுக்கம் இறங்கும்போது எரிபொருளின் திறனும் சற்றுக் குறையும்.

சோவியத்தின் ராடார் எதிர்ப்பு ஏவுகணையான கேஎச்-31பி வேறு வழியில் போனது. அதன் திண்ம ரொக்கெட், வெளி வளியை உள்ளே எடுத்து எரிக்கும் தாரை இயந்திரத்தின் எரியறைக்குள்ளேயே இருக்கும். அது எரிந்து வெளியே தள்ளப்பட்டதும் நான்கு பக்க வாயில்கள் திறந்து வளி உள்ளே வர, மண்ணெண்ணெய் வகை எரிபொருள் எரியும். ஒட்சிசனைச் சுமக்காததால் நெடுநேரம் உதைப்பு கிடைக்கும். விலை: 600 கிலோகிராம் அளவு எடை.

கேள்வி (சீனன்குடா வாசகர்): நம் பக்கத்து வெயிலும் ஈரமும் இத்தகைய மோட்டாரைப் பாதிக்குமா?

பதில்: பாதிக்கும். சூடான எரிபொருள் விரைவாக எரியும். அறையின் அமுக்கம் உயரும், எரியும் நேரம் சுருங்கும். குளிரில் இதன் எதிர்ப்பக்கம். அதற்காகவே மோட்டாரின் வெளிக்கூட்டின் வலிமை மிக வெப்பமான நாளை வைத்துக் கணிக்கப்படுகிறது. பெரிய ஆபத்து வெடிப்புக் கீறல். எரிபொருளை ஒட்டிவைக்கும் இறப்பர் போன்ற பிணைப்பி பல ஆண்டுச் சூடு, குளிர் மாற்றங்களில் இறுகி, எரிபொருளில் கீறல் விழுந்தால் எதிர்பாராத பரப்பு தீப்பற்றி அமுக்கம் திடீரென எகிறும், கூடு பிளந்துவிடும். பழைய மோட்டார்களை எக்ஸ்-கதிரில் பார்ப்பது இதற்குத்தான்.

ஈரத்தின் விளைவு புகையில் தெரியும். அலுமினியத் தூள் கலந்தால் அடர்ந்த வெள்ளைப் புகை வரும், விமானி இருக்கும் இடம் தெரிந்துவிடும். அலுமினியத்தை விட்டாலும், எரிவதற்கு ஒட்சிசன் தரும் அமோனியம் பெர்குளோரேற்று எரிந்து ஐதரசன் குளோரைட்டு வரும். அது ஈரவளியில் நுண்துளிகளாகிப் புகார்போலத் தெரியும்.

கேள்வி (பழைய பத்திரிகை சேகரிப்பவர், திருகோணமலை): 1942 ஏப்ரல் 9 இல் ஜப்பானிய விமானங்களை இங்கிருந்த ராடார் முன்கூட்டியே கண்டது. அன்று ராடாரை அழிக்கும் ஏவுகணை இருந்ததா?

பதில்: இல்லை. விமானங்களைத் தாக்கும் ஸ்பாரோ ஏவுகணையின் உடலை வைத்து அமெரிக்கா செய்த ராடார் எதிர்ப்பு ஏவுகணையான ஷ்ரைக், 1965 இல் வியட்நாமில்தான் களத்துக்கு வந்தது.

கேள்வி (கிண்ணியா வாசகி): ராடாரை அணைத்துவிட்டால் ஏவுகணை என்ன செய்யும்?

பதில்: இந்த ஆயுதத்தின் உயிர்நாடியே இந்தக் கேள்விதான். திருகோணமலையிலிருந்து அநுராதபுரம் நேர்கோட்டில் 95 கிலோமீற்றர் அளவு. செக்கனுக்கு 600 மீற்றர் சராசரியில் அந்தத் தூரத்துக்கு இரண்டரை நிமிடத்துக்கு மேல் ஆகும். அணைப்பதற்கு அது தாராளமான நேரம். மோட்டாரில் வேகத்துக்கு இவ்வளவு பாடுபடுவது அந்த நேரத்தைச் சுருக்கத்தான்.

ஷ்ரைக்கிற்கு நினைவகம் இல்லை. அலை நின்றால் குறி தவறும். பின்வந்தவை கடைசியாகக் கண்ட இடத்தை, தம் அசைவைத் தாமே அளக்கும் சடத்துவக் கருவியால் நினைவில் வைத்தன, ஆனால் அலை இல்லாமல் பறக்கும் ஒவ்வொரு செக்கனிலும் வழு வளரும். பிரித்தானியரின் அலாம் 1991 வளைகுடாப் போரில் வேறொரு தந்திரத்தோடு வந்தது: மேலேறி, பரசூட்டில் தொங்கி, ராடார் திரும்ப இயங்கும்வரை காத்திருக்கும். 1999 இல் நேட்டோ யூகோஸ்லாவியாவைத் தாக்கியபோது சேர்பிய ராடார் குழுக்கள் சில செக்கன்கள் மட்டுமே அலை விட்டு இடம் மாறித் தப்பின.

வழிதவறினால் பொதுமக்கள்தான் பலியாவார்கள் என்ற அச்சம் வெறும் கற்பனை அல்ல. 1999 ஏப்ரலில் ஒரு ஹார்ம், போரில் சேராத பல்கேரியாவின் சோபியா நகர்ப்புறத்தில் ஒரு வீட்டில் விழுந்தது. 2003 இல் ஈராக்கில் அமெரிக்க எஃப்-16 ஒன்று தம் நாட்டுப் பேட்ரியட் வான்காப்பு ஏவுகணைகளின் ராடாரையே ஹார்மால் தாக்கியது. ஹார்மின் பின்வந்த வடிவமான ஏஜிஎம்-88ஈ ஜிபிஎஸ்ஸையும் மில்லிமீற்றர் அலை ராடாரையும் சேர்த்துச் சுமக்கிறது. அலை நின்ற பிறகும் கடைசிக் கட்டத்தில் இலக்கின் வாகனத்தைத் தானே தேடுகிறது.