ஷியாமென்ல வாத்தியார் வேலைக்கு வர்ற தம்பிக்கு

தம்பி, சீனாவுல ஷியாமென் ஸ்கூல்ல பிசிக்ஸ் வேலை கிடைச்சிருக்கு, தனியா வர்றேன், சுத்த சைவம், சமாளிச்சிருவேனா, அப்புறம் அக்டோபர் லீவுல பெய்ஜிங் போய் பெருஞ்சுவர பாத்துரலாமான்னு கேட்டிருந்தீங்க. சமாளிச்சிருவீங்க. அக்டோபர்ல பெய்ஜிங் மட்டும் வேணாம்.

பிசிக்ஸ்னதும்தான் எனக்கு நிம்மதியாச்சு. இங்கிலீஷ் டீச்சர் வேலைக்கு வொர்க் பெர்மிட் பெரும்பாலும் இங்கிலீஷ் தாய்மொழியா இருக்கற நாட்டு பாஸ்போர்ட்டுக்குத்தான் குடுப்பாங்க, நம்ம ஆளுங்கள டூரிஸ்ட் விசால வா அங்க வந்து மாத்திக்கலாம்னு கூப்பிடற ஏஜென்ட்டும் இருக்கான், அந்தப் பக்கமே போயிராதீங்க. வேலைக்கு வர்றவங்களுக்கான ஸெட் (Z) விசா கைல வந்தப்புறம் டிக்கெட் போடுங்க. வந்து 24 மணி நேரத்துக்குள்ள போலீஸ்ல வீட்டு அட்ரஸ் பதியணும், 30 நாளைக்குள்ள ரெசிடென்ஸ் பெர்மிட்டுக்குக் குடுத்துரணும், அப்ப பாஸ்போர்ட்ட வாங்கி வச்சுக்கிட்டு ரசீதுதான் தருவாங்க, அதனால முதல் மாசம் ஊர் சுத்தற பிளான் எதுவும் போடாதீங்க.

வாட்ஸ்அப், கூகுள், யூட்யூப் எதுவும் இங்க ஓடாது. இந்தத் தடைய தாண்ட விபிஎன்ன ஊர்லயே போட்டுட்டு வாங்க, அம்மா போன்ல வீசாட் (இங்கத்து வாட்ஸ்அப் மாதிரி) போட்டுக் குடுத்து பழக்கிட்டும் வாங்க, இல்லன்னா முதல் வாரம் வீட்ல அழுகைதான். அலிபேங்கற இங்கத்து பேமென்ட் ஆப்ல நம்ம ஊர் விசா கார்டு, மாஸ்டர் கார்டையே சேக்கலாம், 200 யுவானுக்குள்ள எக்ஸ்ட்ரா சார்ஜ் கிடையாது, அதுக்கு மேல போனா 3 சதவீதம் எடுப்பான். இளநீர் வண்டிக்காரர் வரைக்கும் க்யூஆர்தான், நமக்கு ஜிபே பழக்கம் இருக்கறதால இது புதுசாவே இருக்காது.

சாப்பாடு விஷயத்துலதான் கொஞ்சம் உஷாரா இருக்கணும். ‘வோ ச்சுர் ஸூ’ன்னு சொன்னா சைவம்னு புரிஞ்சுக்குவாங்க, கறித்துண்டு போட மாட்டாங்க, ஆனா சூப்பு எலும்புல கொதிச்சதா இருக்கும், ஷியாமென்ல தெருவுக்குத் தெரு விக்கிற ஷாச்சா நூடுல்ஸ்ல எறா அரைச்சது இருக்கும். நம்பி உக்காந்து சாப்பிடணும்னா நான்புத்துவோ கோயில் சைவ சாப்பாடு இருக்கு. மத்தபடி மார்க்கெட் போனா பாகற்காய், பீர்க்கங்காய், கத்திரிக்காய், கீரை, கொத்தமல்லி எல்லாம் கிடைக்கும், கறிவேப்பிலைதான் இல்ல. பருப்பு, புளி, பொடி வகை யிவூங்கற ஊர்ல இருக்கற இந்தியக் கடைங்க கிட்ட வீசாட்ல சொன்னா பார்சல் வந்துரும், அதனால அரிசிப் பருப்பால பெட்டிய ரொப்பாதீங்க, குக்கர் கேஸ்கட் ரெண்டு எக்ஸ்ட்ரா வைங்க.

ஸ்கூல்ல பாத்தீங்கன்னா மத்தியானம் சாப்பிட்டதும் எல்லாரும் தூங்குவாங்க, பசங்க டெஸ்க்லயே தலையணை வச்சு, டீச்சருங்க ஸ்டாஃப் ரூம்ல மடக்குக் கட்டில் போட்டு. அந்த நேரத்துல யாருக்கும் மெசேஜ் போட்டு வேலை கேக்காதீங்க, அது இங்க மரியாதை இல்ல. தண்ணி கேட்டா சுடுதண்ணிதான் வரும், வெயில் காலத்துலயும்.

இப்ப லீவு. அக்டோபர் 1லருந்து ஒரு வாரம் தேசிய தின லீவு, நாடே ரோட்டுல இருக்கும், ரயில் டிக்கெட் ஓபன் ஆனதுமே காலி, பெருஞ்சுவர்ல நீங்க பாக்கப்போறது முன்னாடி நிக்கறவர் முதுகத்தான். போதாததுக்கு அந்த லீவுல சில நாளுக்குப் பதிலா ஒரு சனியோ ஞாயிறோ வேலை வாங்கி ஈடு கட்டிருவாங்க. பேசாம அந்த வாரம் வீட்ல துணி துவைச்சுட்டு கிடங்க, சாதா சனி ஞாயிறுல பக்கத்துல சுத்துங்க. ஷியாமென் இருக்கற ஃபூஜியன் மாகாணத்துலயே பாக்க அவ்ளோ இருக்கு.

குலாங்யூ தீவு, கார் பைக் கிடையாது, பழைய வெளிநாட்டு கான்சலேட் பங்களாங்க, சாமான் எல்லாம் கைவண்டிலதான் போகும். காலைல முதல் படகப் புடிங்க, பத்து மணிக்கு மேல டூர் கொடி புடிச்சவங்க ராஜ்ஜியம். த்துலோவ் மண் கோட்டை வீடுங்க மலைக்குள்ள இருக்கு, ஹக்கா ஜனங்க ஊரே ஒரு வட்ட சுவருக்குள்ள குடியிருந்த மாதிரி, அதுக்கு ஒரு ராத்திரி தங்கற மாதிரி போங்க.

ஆனா என்னக் கேட்டா முதல்ல போக வேண்டியது ச்சுவான்ஜோவ் ஊருதான், ஃபாஸ்ட் ட்ரெயின்ல அரை மணி சொச்சம். கைய்யுவான் கோயில் பெரிய மண்டபத்துப் பின்பக்கம் போங்க (எல்லாரும் முன்னாடியே செல்ஃபி எடுத்துட்டு கிளம்பிருவாங்க), அங்க ரெண்டு கல்தூண், அதுல கண்ணனும் நரசிம்மரும் செதுக்கி இருக்கும், புத்தர் கோயில்ல! இடிஞ்சுபோன சிவன் கோயில் கல்லுங்க அது. நம்ம வியாபாரிங்க இங்க கட்டினது, 1281ல மங்கோலியப் பேரரசர் குப்லாய் கான் காலத்துல சம்பந்தப் பெருமாள்னு ஒருத்தர் சாமிய எழுந்தருளப் பண்ணின தமிழ்க் கல்வெட்டே இந்த ஊர்ல கிடைச்சிருக்கு. பெருஞ்சுவர எப்பவேணா பாக்கலாம் தம்பி, இத பாக்காம ஷியாமென்ல இருக்கறது எனக்கு என்னமோ ஒப்பலை.

அங்கருந்து ஷுன்பூ கிராமம் போங்க, சிப்பி ஓடு பதிச்ச சுவர் வீடுங்க, பாட்டிங்க கொண்டைய சுத்தி வளையம் வளையமா பூ வச்சுக்கிட்டு மீன் விப்பாங்க. இப்ப டூரிஸ்ட் பொண்ணுங்களும் காசு குடுத்து அதே மாதிரி வச்சுக்கிட்டு போட்டோ எடுக்கறாங்க, கூட்டம் ஜாஸ்தி, இருந்தாலும் பரவால்ல.

ஜூலைலருந்து செப்டம்பர் வரைக்கும் புயல் சீசன், படகு ட்ரெயின் ரெண்டும் நிறுத்திருவாங்க, போறதுக்கு முந்தின ராத்திரி வானிலை பாத்துக்கோங்க. காண்ட்ராக்ட்ல வீட்டு வாடகை யார் குடுக்கறாங்கன்னு நீங்க எழுதல, கையெழுத்துக்கு முன்னாடி அத கேட்டுட்டு சொல்லுங்க.