பதில்: ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துப் பூங்கா, டெசிபல் மட்டும் போதுமா?

இலங்கை மலையகத்தின் ஹட்டனில் உள்ள அந்தப் பூங்காவின் சத்தத்தைப் போன் செயலி 68 டெசிபல் என்று காட்டுகிறது, நீரூற்று வைத்தால் வாகனச் சத்தம் மறைந்து சரியாகுமா என்று கேட்டிருந்தீர்கள். அந்த எண்ணை மட்டும் நம்பி இறங்க வேண்டாம். தூரத்து பஸ் ஹார்னும் 68 காட்டலாம், காமன் கூத்தில் அடிக்கும் தப்பு மேளமும் காட்டலாம். கேட்பவருக்கு இரண்டும் ஒன்றா?

2014இல் வந்த ஐஎஸ்ஓ 12913-1 என்ற சர்வதேசத் தரநிலை ஒலிச்சூழலை மனிதர் உணரும் விதத்தை வைத்துத்தான் வரையறுக்கிறது. அதனால் காலையிலும் பாடசாலை விடும் நேரத்திலும் ஐந்தாறு பேராகப் பேசாமல் நடங்கள். அங்கங்கே நின்று, என்ன கேட்கிறது, இனிமையா, பரபரப்பா, இடத்துக்குப் பொருந்துகிறதா என்று எழுதச் சொல்லுங்கள். தேயிலைத் தோட்டத்திலிருந்து பஸ்ஸுக்கு வரும் அக்காமாரையும் சேருங்கள், அவர்கள்தான் அங்கே அதிக நேரம் காத்திருப்பவர்கள்.

நீரூற்றின் சத்தம் வாகனச் சத்தத்தைவிட 3 டெசிபலுக்கு மேல் குறைந்தால் எடுபடாது என்கின்றன ஆய்வுகள். போதிய சத்தம் இருந்தாலும் ஏற்றத்தில் உறுமும் எஞ்சினின் தாழ்ந்த ஒலியை அது சரியாக மறைக்காது. அதனால் முதலில் இருக்கைகளைக் கட்டட மறைவுக்கு நகர்த்திப் பாருங்கள், செலவும் குறைவு.